ஒரு மஞ்சள் ரோஜாவுக்கு எத்தனை பெயர்கள்?

வாசகி கேள்வி:

டென்வர் நகரத்தை ஒட்டி ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிவந்திருக்கிறோம். பின்பக்க வேலியோரம் ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜாப் புதர், உடம்பெல்லாம் முள். மே கடைசியில் ஆரம்பித்து இரண்டு மூன்று வாரம் மஞ்சளாகப் பூத்துத் தள்ளுகிறது, அப்புறம் அடுத்த வருடம்தான். பக்கத்து வீட்டுப் பெரியவர் இதை 'டெக்சாஸ் மஞ்சள் ரோஜா' என்கிறார். அவர் மகள் 'பெர்சியன் யெல்லோ' என்கிறார். நர்சரியில் போனில் படத்தைக் காட்டினேன், 'ஆஸ்திரியன் பிரையர்' என்றார்கள். மூன்றில் எது? போன வருடம் மார்ச்சில் கவாத்து செய்கிறேன் என்று முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன், அந்த வருடம் பூவே இல்லை. கேரேஜ் பக்கம் இன்னொரு புதர் இருக்கிறது. அதன் பூ உள்ளே செம்பு நிறம், வெளியே மஞ்சள்; ஆனால் ஒரே ஒரு கிளையில் மட்டும் பூ முழு மஞ்சள். யாராவது ஒட்டுக் கட்டியிருப்பார்களா? கோயம்புத்தூரில் இருக்கும் அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டு, வரும்போது ஒரு குச்சி எடுத்துக்கொண்டு வா என்கிறார். அவர் மாடியில் நர்சரியில் வாங்கிய மஞ்சள் ரோஜா ஒன்று வைத்திருக்கிறார், அதில் கரும்புள்ளி விழுந்து இலை கொட்டிக்கொண்டே இருக்கிறது. படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்:

முதலில் நேரடியான பதில். உங்கள் வேலியோரப் புதர் 'ஹாரிசன்ஸ் யெல்லோ'. பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்வது அதே செடியின் இன்னொரு பெயர், அதனால் அவர் சொல்வதும் தப்பில்லை. அவர் மகளும் நர்சரிக்காரர்களும் சொல்வது இந்தச் செடியின் நெருங்கிய சொந்தக்காரர்களின் பெயர்கள். கேரேஜ் பக்கம் இருப்பது 'ஆஸ்திரியன் காப்பர்'. அதன் மஞ்சள் கிளையை யாரும் ஒட்டுக் கட்டவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் மூன்றாவது படம். நன்றாக விரிந்த ஒரு பூவை மேலிருந்து எடுத்திருக்கிறீர்கள். இதழ்கள் இரண்டு மூன்று அடுக்கு, நடுவில் மகரந்தத் தாள்கள் கொத்தாக, பளிச்சென்று தெரிகின்றன. பெர்சியன் யெல்லோவில் இப்படித் தெரியாது. அதில் இதழ் அதிகம், பூ கிண்ணம்போல உள்ளே குவிந்திருக்கும், மஞ்சளும் இன்னும் அழுத்தமாக இருக்கும், நடுப்பகுதி இதழ்களுக்குள்ளேயே மறைந்துவிடும். ஆஸ்திரியன் பிரையர் என்றால் வெறும் ஐந்து இதழ்தான், ஒற்றை அடுக்கு. அடுத்து தண்டைப் பாருங்கள். உங்கள் செடியில் மெல்லிய, நேரான முட்கள் நெருக்கமாக, ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று கலந்து கிடக்கின்றன. இலையும் சின்னச் சின்னச் சிற்றிலைகளாக, பார்வைக்குப் பெரணிபோல இருக்கிறது. இந்த இரண்டும் ஹாரிசன்ஸ் யெல்லோவின் பெற்றோரில் ஒன்றான ஸ்காட்ச் ரோஜாவிடமிருந்து வந்த சொத்து. பூ உதிர்ந்தபின் கருத்துப்போன சின்னக் காய் சிலது நின்றால் இன்னும் உறுதி, அதுவும் அந்தப் பக்கத்து அடையாளம்தான். பெர்சியன் யெல்லோ காய் பிடிப்பதே அபூர்வம்.

இன்னொரு சோதனை மூக்கால் செய்ய வேண்டியது, அதைப் படத்தில் அனுப்ப முடியாது. அடுத்த மே மாதம் காலை வெயில் ஏறியதும் ஒரு பூவை முகர்ந்து பாருங்கள். பெர்சியன் யெல்லோவுக்கும் ஆஸ்திரியன் பிரையருக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் வாடை, சிலர் மூட்டைப்பூச்சி வாடை என்றே சொல்வார்கள். ஹாரிசன்ஸ் யெல்லோவில் அந்த நெடி வெகுவாகக் குறைந்து, லேசாகப் புளித்த பழ வாசனையாக இருக்கும்.

சரி, டெக்சாஸ் எங்கிருந்து வந்தது? இந்தச் செடி பிறந்தது டெக்சாஸில் இல்லை, நியூயார்க்கில், அதுவும் மன்ஹாட்டனில். ஜார்ஜ் ஃபோலியட் ஹாரிசன் என்று ஒரு வக்கீல், தோட்டத்தில் ஆர்வம் உள்ளவர். இன்றைக்கு எட்டாவது அவென்யூ பக்கம் 30, 31ஆம் தெருக்கள் ஓடும் இடத்தில் அப்போது அவருடைய வீடும் தோட்டமும் இருந்தன. 1820களில் அந்தத் தோட்டத்தில் இந்தச் செடி விதையிலிருந்து முளைத்து வந்தது. மேற்காசியாவின் மஞ்சள் ரோஜாவும் ஸ்காட்ச் ரோஜாவும் கலந்த கலப்பு. அவரே மகரந்தம் வைத்துச் செய்தாரா, தேனீ செய்ததா என்பதற்குப் பதிவு கிடையாது. அவரிடமிருந்து தாமஸ் ஹாக் என்ற நர்சரிக்காரர் கைக்குப் போயிற்று, அதனால் கொஞ்ச காலம் இதற்கு 'ஹாக்ஸ் யெல்லோ' என்றும் பெயர். 1830இல் லாங் ஐலண்டின் ஃப்ளஷிங் ஊரில் இருந்த பிரின்ஸ் நர்சரி விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறந்து பத்து வருடத்துக்குள்ளேயே இரண்டு பெயர் ஆகிவிட்டது, பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான குழப்பம். இந்தச் செடி வேரிலிருந்து பக்கக்கன்று தள்ளிக்கொண்டே இருக்கும், உங்கள் வேலியிலும் பார்த்திருப்பீர்கள். ஒரு கன்றை வேரோடு தோண்டி ஈரத்துணியில் சுற்றிவிட்டால் பல நாள் பயணத்தைத் தாங்கும். கிழக்கிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு மேற்கே குடிபெயர்ந்த குடும்பங்கள் இதைக் கையோடு எடுத்துப் போனார்கள். போன இடமெல்லாம் வாசலில் நட்டார்கள், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்கள். அப்படிக் கைமாறும் செடியோடு லேபிள் போகாது. அதனால் ஓரிகான் பாதையை ஒட்டிய ஊர்களில் இது 'ஓரிகான் பாதை ரோஜா' ஆயிற்று, தென்மேற்கில் 'டெக்சாஸ் மஞ்சள் ரோஜா' ஆயிற்று. 1858இல் நியூயார்க்கில் அச்சாகி நாடெங்கும் பரவிய ஒரு பாட்டில் அதே சொல் வருகிறது. அந்தப் பாட்டின் மஞ்சள் ரோஜா ஒரு பெண், செடி இல்லை. ஆனால் பாட்டு எல்லோர் வாயிலும் இருந்தது, வாசலில் மஞ்சளாக ஒரு ரோஜாவும் இருந்தது, இரண்டையும் மக்கள் சேர்த்துவிட்டார்கள். இன்றைக்கும் சில நர்சரிகள் விற்பனைக்காக டெக்சாஸ் பெயரையே பெரிய எழுத்தில் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வாங்குகிறவர் அது டெக்சாஸ் வெயிலுக்கு ஏற்ற செடி என்று நினைத்து ஹூஸ்டன் ஈரப்பதத்தில் நட்டு, செடி நோயில் விழுந்து போவதைப் பார்த்து நொந்துபோகிறார். இது உங்கள் ஊரைப் போன்ற வறண்ட, குளிர்ந்த ஊருக்கான செடி.

ஒரு சின்னக் குறிப்பு. அந்த வக்கீலின் பெயரில் ஆங்கிலத்தில் 'R' எழுத்து ஒன்றுதான் வரும். கேட்லாக்குகளில் பாதிப் பேர் இரண்டு 'R' போட்டு எழுதுகிறார்கள், தேடும்போது இரண்டு விதமாகவும் தேடிப் பாருங்கள்.

இனி பெர்சியன் யெல்லோ. பக்கத்து வீட்டு மகள் சும்மா சொல்லவில்லை. அமெரிக்க மேற்கில் இந்த இரண்டும் அடுத்தடுத்த வாசல்களில் வளர்கின்றன, தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், பூக்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றே. நர்சரிகளே ஒன்றை இன்னொன்றின் பெயரில் விற்றிருக்கின்றன. பெர்சியன் யெல்லோவின் பெயரில் உள்ள ஊர் மட்டும் ஓரளவுக்குச் சரியானது. சர் ஹென்றி வில்லாக் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1837 வாக்கில் பாரசீகத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது அது. அங்கே அதற்கு முன்னால் எத்தனை தலைமுறை தோட்டத்தில் வைத்திருந்தார்களோ. அது ஆஸ்திரியன் பிரையரின் அடுக்கு வடிவம், அவ்வளவுதான். தாவரவியலில் இரண்டுக்கும் ரோசா ஃபீடிடா என்றே பெயர்.

அந்த ஆஸ்திரியன் பிரையருக்கு ஆஸ்திரியா சொந்த ஊர் இல்லை. காகசஸ் மலைப்பகுதி, ஈரான், அதைச் சுற்றிய மேற்காசிய மலைச்சரிவுகள், இவைதான் அதன் நிலம். ஐரோப்பாவின் வடக்கு நாடுகளுக்கு அது 16ஆம் நூற்றாண்டில் வியன்னா வழியாகத் தெரியவந்தது. வியன்னாவில் பேரரசரின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட தாவர அறிஞர் குளூசியஸ் அதை வடக்கே அறிமுகப்படுத்தினார், வந்த வழி பெயராக ஒட்டிக்கொண்டது. தெற்கே அரபு ஆட்சியில் இருந்த ஸ்பெயினில் மஞ்சள் ரோஜா அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும். 12ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்து இப்னு அல் அவ்வாம் தம் வேளாண் நூலில் மஞ்சள் ரோஜாவைச் சொல்கிறார்.

அறிவியல் பெயரை நம்பலாமே என்றால், அங்கேயும் இதே கதைதான். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த 'ரோசா எக்லான்டீரியா' என்ற பெயரைச் சிலர் இந்த மஞ்சள் ரோஜாவுக்கு எடுத்துக்கொண்டார்கள், சிலர் ஆப்பிள் வாசனை இலை கொண்ட ஸ்வீட் பிரையருக்கு எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் அந்தப் பெயரையே தள்ளி வைக்க வேண்டியதாயிற்று. 1762இல் ஸ்ட்ராஸ்பர்கில் யோஹான் ஹெர்மன் தம் ஆய்வேட்டில் ஃபீடிடா என்று வைத்தார், நாற்றமடிப்பது என்று அர்த்தம். 1768இல் பிலிப் மில்லர் 'ரோசா லூட்டியா', அதாவது மஞ்சள் ரோஜா என்று வைத்தார். பொருத்தமான பெயர் மில்லருடையதுதான், ஆனால் முந்திய பெயருக்கே உரிமை என்பது விதி, அதனால் ஹெர்மன் வைத்த பெயர் நின்றுவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. அவ்வளவு தூய மஞ்சள் பூவுக்கு ஆயுசுக்கும் இந்தப் பெயர். ரெடூட்டேயின் புகழ்பெற்ற ரோஜா ஓவியங்கள் 1817 முதல் 1824 வரை வெளிவந்தன. அதில் இந்தச் செடிக்கு எக்லான்டீரியா என்றே போட்டிருக்கும், அதனால் அந்தப் படங்களைப் பார்க்கும்போது பெயரை விட்டுவிட்டுப் பூவைப் பாருங்கள்.

இவை எல்லாவற்றோடும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு பழைய மஞ்சள் ரோஜா உண்டு. உங்களிடம் அது இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கந்தக ரோஜா என்று சொல்வார்கள், தாவரவியலில் ரோசா ஹெமிஸ்ஃபெரிகா. நூறு இதழ் ரோஜாபோல இதழ் நெருக்கமான எலுமிச்சை மஞ்சள் பூ, தலை கவிழ்ந்து தொங்கும், இலையில் சாம்பல் பூத்த பச்சை. டச்சு மலர் ஓவியங்களில் ஜாடியின் ஓரத்தில் தொங்கும் பெரிய மஞ்சள் ரோஜா இதுதான். குளூசியஸ் இதை முதலில் பார்த்தது செடியாகக்கூட இல்லை, துருக்கியிலிருந்து வியன்னாவுக்கு வந்த ஒரு காகிதத் தோட்ட மாதிரியில் காகிதப் பூவாகப் பார்த்தார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிக்கோலஸ் லீட் என்ற லண்டன் வணிகர் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வரவழைத்தார், அந்தச் செடி பிழைக்கவில்லை. பிழைத்த செடிகளும் வட ஐரோப்பிய மழையில் மொட்டு விரியாமல் அப்படியே அழுகும். வறண்ட, சூடான கோடையில்தான் மலரும். பல தலைமுறைத் தோட்டக்காரர்கள் ஒரு நல்ல பூவுக்காகத் தவம் கிடந்த செடி இது. அடுக்கு மஞ்சள் என்று பழைய புத்தகத்தில் எழுதியிருந்தால், 1837க்கு முந்திய ஐரோப்பியப் புத்தகம் என்றால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறது, பெர்சியன் யெல்லோவை அல்ல. பழைய நூல்களைப் படிக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்த ஆண்டுக் கணக்கைத்தான்.

பிரிட்டனில் இருக்கும் உங்கள் நண்பர்கள் யாராவது எங்களிடமும் ஹாரிசன்ஸ் இருக்கிறது என்றால், பூவின் நடுவைப் பார்க்கச் சொல்லுங்கள். மகரந்தத் தாள்களுக்குப் பதிலாகப் பச்சையாக ஒரு முடிச்சு தெரிந்தால் அது 'வில்லியம்ஸ் டபுள் யெல்லோ', 1820களில் இங்கிலாந்தில் ஏறக்குறைய இதே கலப்பில் வந்த வேறு ரகம், புதரும் குட்டை.

இப்போது கேரேஜ் பக்கத்துச் செடி. ஆஸ்திரியன் காப்பர் என்பது ஆஸ்திரியன் பிரையரில் தானாக நேர்ந்த ஒரு நிற மாற்றம். இதழின் மேல்பக்கம் மட்டும் செம்பு கலந்த சிவப்பாக மாறியிருக்கிறது, அடிப்பக்கம் பழைய மஞ்சளாகவே இருக்கிறது. அந்த மாற்றம் செடியில் அவ்வளவு உறுதியாக உட்கார்ந்திருப்பதில்லை. அவ்வப்போது ஒரு கிளை பழைய நிறத்துக்கே திரும்பிவிடும். உங்கள் படத்தில் ஒரு பூவில் இரண்டு இதழ் செம்பு, மீதி மஞ்சள் என்று இருக்கிறதே, கவனித்தீர்களா? மாற்றம் அந்த மொட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறது. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். அடிச்செடியிலிருந்து, அதாவது ஒட்டுக்குக் கீழே வேராக நிற்கும் செடியிலிருந்து, கிளம்பிய கிளையாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டால் இரண்டு விஷயம் பாருங்கள். அடிச்செடிக் கிளை மண்ணுக்குள்ளிருந்து, ஒட்டுக்குக் கீழேயிருந்து வரும், உங்களுடையது நெஞ்சு உயரத்தில் நடுக்கிளையிலிருந்து பிரிகிறது. அப்புறம், அமெரிக்காவில் ஒட்டுக்கு அதிகம் பயன்படும் அடிச்செடி 'டாக்டர் ஹியூயி', அதன் பூ அடர்ந்த கருஞ்சிவப்பு.

ஒட்டுக் கட்டியிருப்பார்களோ என்ற சந்தேகம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 1597இல் ஜான் ஜெரார்டு தம் மூலிகை நூலில், மஞ்சள் ரோஜா என்பது காட்டு ரோஜாவை ப்ரூம் என்ற மஞ்சள் பூச்செடியின் தண்டில் ஒட்டுக் கட்டி உண்டாக்கியது என்று பலர் சொல்வதாக எழுதிவிட்டு, அது பொய் என்று மறுக்கிறார். ரோஜா என்றால் சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு என்றே பழகிய கண்களுக்கு மஞ்சள் அவ்வளவு புதிது.

அந்த மஞ்சள் கிளையை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். செம்பு நிறம்தான் வேண்டும் என்றால் பூத்து முடிந்ததும் அந்தக் கிளையை அடியோடு எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மஞ்சள் பக்கம் வலுத்து மெல்ல மெல்ல புதரைப் பிடித்துக்கொள்ளலாம். நானாக இருந்தால் அதைத் தரையோடு வளைத்துப் பதியன் போட்டு, வேர் பிடித்தபின் தனிச் செடியாகப் பிரித்து நட்டுவிடுவேன், அப்புறம்தான் தாய்ச்செடியிலிருந்து வெட்டுவேன். உங்களுக்கு அசல் ஆஸ்திரியன் பிரையரே கிடைத்துவிடும், காசு கொடுக்காமல்.

கவாத்து விஷயத்தில் நடந்தது இதுதான். நம் ஊரில் பார்த்த ரோஜாக்கள் வெட்ட வெட்டப் புதுத்தளிர் விட்டு அதில் பூக்கும். இந்தப் பழைய மஞ்சள் ரோஜாக்கள் அப்படியில்லை. போன கோடையில் வளர்ந்த கிளையில்தான் இந்த வருடப் பூ. மார்ச்சில் நீங்கள் வெட்டி எறிந்தது அந்த வருடத்தின் பூ முழுவதையும். செடிக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்பட வேண்டாம். இனிமேல் கத்தரியை ஜூன் நடுவில் எடுங்கள், பூ உதிர்ந்த கையோடு. அதுவும் கத்தரித்து உருண்டையாக்கும் வேலை வேண்டாம். மிகவும் முற்றிப்போன தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை அடிமட்டத்தில் எடுத்துவிட்டு, இளசுகளை நீளமாக வளைந்து தொங்க விடுங்கள். வளைந்த கிளையின் முதுகு நெடுகப் பூக்கும். உரம் கொட்டாதீர்கள், வருடத்துக்கு ஒரு தடவை கம்போஸ்ட் போதும். தண்ணீர் சொட்டுக் குழாயில் அடியிலேயே விடுங்கள், ஸ்பிரிங்க்ளர் இலைமேல் படக்கூடாது. காரணம் கரும்புள்ளி நோய், அதைப் பற்றித்தான் அடுத்தது, உங்கள் அம்மா செடிக்கும் அதற்கும் நேரடி உறவு இருக்கிறது.

1900க்கு முன் ஐரோப்பியத் தோட்டங்களில் அழுத்தமான மஞ்சளில், திரும்பத் திரும்பப் பூக்கும், குளிர் தாங்கும் ரோஜா கிடையாது. பெர்சியன் யெல்லோவில் நிறம் இருந்தது, ஆனால் வருடத்துக்கு ஒரு தடவைதான் பூ, இனக்கலப்புக்கும் லேசில் மசியாது. பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் பெர்னே-டூஷே என்ற ரோஜா வளர்ப்பாளர் 1880களில் பிடிவாதமாக இறங்கினார். பெர்சியன் யெல்லோவின் மகரந்தத்தை 'அன்டுவான் டூஷே' என்ற சிவப்பு ரோஜாவில் வைத்தார். வருடக்கணக்காக விதை பிடிக்கவில்லை, பிடித்தது முளைக்கவில்லை, முளைத்தது மலடு. அந்த வழியில் கடைசியாக 1900இல் வெளிவந்தது 'சொலேய் டோர்', தங்கச் சூரியன், ஆரஞ்சு கலந்த மஞ்சள். 1910இல் 'ரேயோன் டோர்' வந்தபோது கலப்பில்லாத மஞ்சள் கிடைத்துவிட்டது. இன்று பூக்கடையில் நீங்கள் பார்க்கும் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, செம்பு நிற ரோஜாக்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றின் வம்சாவளியும் இங்கேதான் வந்து நிற்கும். அந்த மனிதருக்கு இரண்டு மகன்கள், இரண்டு பேரும் முதல் உலகப் போரில் இறந்தார்கள். 1920இல் வெளியிட்ட மஞ்சள் ரோஜாவுக்கு 'சூவனிர் த குளோடியஸ் பெர்னே' என்று ஒரு மகன் பெயரை வைத்தார், அடுத்த வருடம் இன்னொரு ரோஜாவுக்கு மற்ற மகன் ஜார்ஜின் பெயர். இந்தத் துறையில் எத்தனையோ பெயர்கள் வியாபாரத்துக்காக மாறியிருக்கின்றன. இந்த இரண்டையும் மாற்ற யாருக்கும் மனம் வராது என்று நம்புகிறேன்.

நிறத்தோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. பெர்சியன் யெல்லோ கரும்புள்ளிக்குச் சீக்கிரம் ஆளாகும் செடி. மழை குறைந்த அதன் சொந்த மலைகளில் அந்தப் பூஞ்சைக்குப் பெரிய வேலை இல்லை, அதனால் எதிர்ப்புச் சக்தியும் வளரவில்லை. அந்தப் பலவீனம் இருபதாம் நூற்றாண்டு மஞ்சள் ரோஜாக்களில் பரவலாக இறங்கிவிட்டது. டென்வரின் வறண்ட காற்றில் உங்கள் புதர் தெம்பாக நிற்பதற்கும், கோவை மாடியில் அம்மாவின் செடி இலை கொட்டுவதற்கும் காரணம் ஒன்றே. ஒரு வகையில் அம்மா கேட்கும் செடியின் ரத்தம் ஏற்கனவே அவர் மாடித் தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதனால் குச்சி கொண்டுபோக வேண்டாம். இரண்டு காரணம். ஒன்று சட்டம். நடுவதற்கான செடி, குச்சி, வேர் எதுவும் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் இந்தியாவுக்குள் வரக்கூடாது, பெட்டியில் ஒளித்துக் கொண்டுபோகும் ஒரு குச்சியோடு எந்த நோய் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவது, ஹாரிசன்ஸ் யெல்லோவுக்கு இலை உதிர்த்து உறங்க நல்ல குளிர்காலம் வேண்டும். கோயம்புத்தூரில் அது கிடைக்காது, செடி உயிரோடு இருந்தால்கூடப் பூக்காது. ஊட்டிக்குக்கூட நான் சொல்ல மாட்டேன், பருவமழை ஈரத்தில் கரும்புள்ளி விடாது.

நம் பக்கத்துச் சூட்டுக்கு வேறு ஒரு பழைய மஞ்சள் குலம் இருக்கிறது, டீ வாசனை கொண்ட டீ ரோஜாக்களும் அவற்றை ஒட்டிய நாய்செட் என்ற கொடி ரோஜாக்களும். அவற்றின் மஞ்சள் பெர்சியாவிலிருந்து வரவில்லை, ரோசா ஜைகான்டியா என்ற மாபெரும் கொடி ரோஜாவிலிருந்து வருகிறது. வெளிர்மஞ்சள் கலந்த பெரிய பூ. 1882இல் மணிப்பூர் மலைகளில் தாவரவியலாளர் ஜார்ஜ் வாட் அதைக் கண்டார், பர்மாவின் ஷான் மலைகளிலும் சீனத்தின் யுன்னானிலும் அது உண்டு. கொடைக்கானலில் இருந்து எம். எஸ். வீரராகவன் அதையே வைத்து வெப்ப நாட்டுக்கான புதிய ரோஜாக்களை உருவாக்கினார். இந்தியத் தோட்டங்களுக்கு இதுதான் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் குலத்திலும் பெயர்க் குழப்பம் உண்டு, ஒன்று மட்டும் சொல்கிறேன். செடி சேகரிப்பாளர் ராபர்ட் ஃபார்ச்சூன் 1840களில் சீனத்தின் நிங்போ நகரில் ஒரு மாண்டரின், அதாவது அரசு அதிகாரி, வீட்டுத் தோட்டச் சுவரில் கண்ட மஞ்சள் கொடி ரோஜா 'ஃபார்ச்சூன்ஸ் டபுள் யெல்லோ' என்று வந்தது. அதே செடி இங்கிலாந்தில் 'பியூட்டி ஆஃப் கிளேசன்வுட்', கலிஃபோர்னியாவில் 'கோல்ட் ஆஃப் ஓஃபிர்', 'சான் ரஃபேல் ரோஸ்'. நான்கு பெயரைப் பார்த்து நான்கு செடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

அம்மாவுக்கு என் தேர்வு 'லேடி ஹில்லிங்டன்'. 1910இல் வந்தது, ஏப்ரிகாட் பழ மஞ்சள், தளிர் கத்தரிப்பூ நிறம், தலை கவிழ்ந்து பூக்கும், டீ வாசனை. சூடு தாங்கும், வருடத்தில் பல தடவை பூக்கும். கொடியாக ஏற்ற இடம் இருந்தால் 1864இல் பிரான்சில் பிராடல் வெளியிட்ட 'மரேஷல் நீல்', ஒரு காலத்தில் உலகமே கொண்டாடிய மஞ்சள். ஆனால் பூ கனம், காம்பு மெலிவு, நாலு நாள் தொடர்ந்து மழை பெய்தால் மொட்டு கெட்டுப்போகும், அதனால் பொறுமை உள்ளவர்களுக்குத்தான் சொல்வேன். இரண்டுமே சாதாரண நர்சரியில் கிடைப்பது கஷ்டம், பழைய ரகங்களை வைத்திருக்கும் மலைப்பகுதி ரோஜா வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வாங்கும்போது லேபிளைப் படிப்பதோடு நிறுத்தாமல் பூத்த செடியைப் பார்த்து, தளிர் நிறத்தைச் சரிபார்த்து வாங்கட்டும்.

இருக்கும் செடியைத் தூக்கிப் போட வேண்டாம். புள்ளி விழுந்த இலைகளையும் தொட்டியில் உதிர்ந்து கிடப்பவற்றையும் பொறுக்கி வெளியே போடச் சொல்லுங்கள், கம்போஸ்டில் சேர்க்கக் கூடாது. மாலையில் இலைமேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்தட்டும், காலையில் வேரில் மட்டும் ஊற்றட்டும். தொட்டியைச் சுவரை ஒட்டி வைத்திருந்தால் காற்று சுற்றிவரும் இடத்துக்கு நகர்த்தி, மற்ற தொட்டிகளிலிருந்து இரண்டடியாவது தள்ளி வைக்கட்டும். புதுத் தளிர் சுத்தமாக வருகிறதா என்று இரண்டு மாதம் பார்த்துவிட்டு, அப்போதும் புள்ளி விழுந்தால் இலையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள், மருந்து தேவையா என்று பார்க்கலாம்.